கல்லா கிருமியா

என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள் கிருமி இருக்க வேண்டும் என்று மலைக்கோயில் படியேறி வேண்டிக்கொண்டவள் நான். வெளியே சொன்னால் செருப்பாலேயே அடிக்க வருவார்கள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டபோது, "உடம்பு நல்லாகணும் சாமி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். உள்ளுக்குள் கேட்டது வேறு. டி.பி.யாகவே இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது என்று கேட்டேன்.

எல்லாம் டாக்டர் சொன்னதால் வந்தது. ஓசூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "டி.பி.ன்னா பயமே இல்லம்மா. ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா போட்டா போயிடும். கல்லுத் தூசியா இருந்துச்சுன்னா..." என்று இழுத்தவர், முடிக்காமல் படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்தார். அவர் முடித்திருக்க வேண்டியதில்லை. நான் படித்ததே கல்தான். கல்லுத் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்து போகாது. அதைக் கரைக்கிற மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

தொழிற்பேட்டையில் ஒரு கல் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குக் கிரானைட் அனுப்புகிறவர்கள் கல்லில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று எங்களிடம் கேட்டு வருவார்கள். கல்லைச் சில்லாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்து எழுதிக் கொடுப்பேன். அவர் இருந்தது சமையல் மேடைக்குப் பலகை செய்யும் கம்பெனியில். குவார்ட்ஸ் பொடியில் பிசினைக் கலந்து அழுத்திச் செய்கிற பலகை அது. பெயருக்குத்தான் பலகை, கிட்டத்தட்ட மொத்தமும் சிலிக்கா. சாம்பிள் கொண்டுவந்து கொடுக்கிற ஆளாகத்தான் எனக்கு அறிமுகமானார். அடிக்கடி வந்தவர், ஒருநாள் சாம்பிளே இல்லாமல் வந்து நின்றார். "கல்லு எங்க?" என்று கேட்டேன். "மறந்துட்டன்" என்று திருதிருவென்று முழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பார்க்கிற குடும்பம் அவருடையது. எங்களுக்கு மத்தூர். இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் கல்யாணம் நடந்தது.

வேலையோடு வேலையாகப் பகுதி நேர ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். கல்லாகிப்போன பாக்டீரியாதான் என் பாடம். நம் மாவட்டத்துக் கல்லில் அது கிடைக்காது. கிருஷ்ணகிரிக் கல் எல்லாம் பூமிக்கடியில் வெந்தும் உருகியும் உறைந்தது. அதில் ஏதாவது உயிர் இருந்திருந்தாலும் அடையாளமே இல்லாமல் போயிருக்கும். அதனால் கடப்பாப் பக்கம் போக வேண்டியிருந்தது. லீவு போட்டுவிட்டு அவரும் கூட வந்தார். சுத்தியல் நான் பிடித்தேன். மூட்டையை அவர் தூக்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

"இந்தக் கறுப்புக் கல்லுல என்னா இருக்குதுன்னு இப்படி வெயில்ல சாவறோம்?" என்று கேட்டார்.

ஒரு வேப்பமரத்தடியில் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டுக் கதையாகச் சொன்னேன். இந்த இடம் ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலோரம். மீன் கிடையாது, புல் கிடையாது, பாக்டீரியா மட்டும்தான். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே, அந்த மாதிரி ஒரு படலமாகப் படர்ந்திருந்தது. அலை வந்து அதன்மேல் சேற்றைப் பூசும். வெளிச்சம் வேண்டுமே, அது சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி மறுபடி படரும். மறுபடி சேறு, மறுபடி படலம். அடுக்கு அடுக்காகக் கல் வளரும். பெரும்பாலான இடங்களில் இந்த அடுக்கு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். கட்டியவர்கள் அழுகிப் போய்விடுவார்கள். சில இடங்களில் மட்டும், தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா கூழ் மாதிரி அந்தச் செல்லுக்குள் இறங்கி, அழுகுவதற்குள் உறைந்து கல்லாகிவிடும். அப்படிப்பட்ட கறுப்புக் கல்லைச் சீவிப் பார்த்தால் நூல் நூலாகப் பாக்டீரியா தெரியும். நூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் உறைகூடக் கலையாமல் இருக்கும்.

"உசுரோடவா?"

"செத்துத்தான். உருவம் மட்டும்."

"அப்ப சிலிக்கா நல்லதுதான்னு சொல்லு. எங்க கம்பெனி பூரா அதான்" என்றார். சிரித்துக்கொண்டே மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேலை செய்கிற லட்சணம் எனக்குத் தெரியும். பெரிய பலகையை அறுக்கிற மிஷினில் தண்ணீர் ஓடும். ஆனால் சிங்க் வைக்கிற ஓட்டையையும் ஓரத்தையும் கையில் கிரைண்டரைப் பிடித்துத்தான் வெட்டுவார்கள். தண்ணீர் விட்டால் பென்சில் கோடு அழிந்துவிடும், அளவு தப்பிவிடும் என்று உலர்வாகவே வெட்டுவார்கள். வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், கைமுடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். முகமூடி கழுத்தில் தொங்கும். நல்ல முகமூடியாக நானே பெங்களூரிலிருந்து வாங்கிக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று அதையும் கழுத்துக்கு இறக்கிவிட்டார்.

இந்தப் பக்கத்துக் கல் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள். வெல்லம் தொண்டையில் இறங்கும்போது உள்ளே இருக்கிற தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. கொடுக்கிறவர்களும் நம்பினார்கள், தின்கிறவர்களும் நம்பினார்கள். அதை வாங்கித் தின்றால் அன்றைய கணக்குத் தீர்ந்தது, தைரியமாக நாளைக்கும் உலர்வாக வெட்டலாம். "வெல்லம் போறது வயித்துக்கு, தூசி போறது நுரையீரலுக்கு. வழியே வேறங்க, புரியுதா உங்களுக்கு?" என்று நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். "நீ கல்லுக்குத்தான டாக்டரு, மனுசனுக்கா?" என்பார். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசினால், "வேற வேலை நீ வாங்கித் தரியா?" என்று கேட்பார்.

இருமல் வந்தபோது முதலில் பனி என்றார். பனிக்காலம் போயும் இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயில் மேல்பாகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. எடை குறைந்திருந்தது. சில பேருக்குச் சளியில் கிருமி காட்டாது, மாத்திரையை ஆரம்பித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மலைக்கோயிலுக்குப் போனேன்.

மாத்திரை போட்ட முதல் நாள் பாத்ரூமிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார். பதறிப்போய் ஓடினேன். "செவப்பாப் போவுது பாரு. மருந்து வேலை செய்யுது" என்றார், குழந்தை மாதிரி. அந்த மாத்திரை யார் போட்டாலும் சிறுநீர் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். கேசரி கிண்டினேன் என்றால் நம்புவீர்களா?

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து, "என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்கு அந்த நோயாமே?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். வேறு யாராவது என்றால் மறைத்திருப்பார்கள். நான், "ஆமாம்மா, டி.பி.தான்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். மகன் கலெக்டர் ஆகிவிட்டான் என்று சொல்கிறவள் மாதிரிச் சொன்னேன். அந்த அம்மா ஓரடி பின்னால் போனார்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததில் இருமல் கொஞ்சம் தணிந்தது. மருந்துதான் கேட்கிறது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான் என் ஆராய்ச்சியிலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கடப்பாக் கல் ஒன்றின் சீவலில் பழுப்பு நிறத்தில் நூல்கள். மெல்லியவை, வளைந்தவை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. படம் எடுத்து சேலத்தில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். மறுநாள் போனில் வந்தார்.

"படம் அழகா இருக்குதும்மா. ஆனா மொதக் கேள்வி என்ன? அது கல்லுக்குள்ள இருக்குதா, கல்லுல வந்து ஒட்டுனதா?"

"உள்ளதான் சார் இருக்கு."

"போகஸைத் திருப்பிப் பாத்தியா? சுத்தி இருக்கிற கல்லு மணி எந்த ஆழத்துல தெளிவாத் தெரியுதோ, அதே ஆழத்துல நூலும் தெளிவாத் தெரியணும். நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தேன். நூல் தெளிந்தபோது மணி மங்கியது. மணி தெளிந்தபோது நூல் மங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் அந்த இடத்தில் ஓடியது. கல் கல்லாகி யுகம் யுகமாய்ப் போனபிறகு, நேற்றோ முந்தாநாளோ மழைத்தண்ணீரோடு உள்ளே இறங்கிக் குடியேறிய ஏதோ பூஞ்சை அது. பழைய உயிர் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். "போனாப் போவுது வுடு. வேற கல்லு ஒடைக்கலாம், நான் நல்லாயிட்டு வரேன், மூட்டை தூக்கறேன்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். நான் அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

அடுத்து எடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகள் சேர்ந்து திட்டாகியிருந்தன. டாக்டர் இந்த முறை மாத்திரையைப் பற்றி எதுவும் பேசவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அறிக்கை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. டி.பி.யில் வருகிற மாதிரியும் ஒரு கட்டி இருக்கிறது, டி.பி. கிருமி தென்படவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் மறுமுறை பார்க்கவும் என்று எழுதியிருந்தது. ஓசூரில் இருக்கிற எல்லாரும் போகிற மாதிரி நாங்களும் பெங்களூர் போக வேண்டியதாயிற்று. துணுக்கைச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கைக்குப் பழகிய கனம்தான். நான் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிற அதே மாதிரிக் கண்ணாடி.

காலையில் கிளம்பினோம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் பஸ்ஸில் குமட்டும் என்று அவர் அன்றைக்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொல்லாமல் ஆட்டோவைத் தொழிற்பேட்டைக்கு விடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கூடத்தின் வாசலில் இறங்கியதும், "பாத்துடு" என்றார். "உள்ள தூசி, நான் வரல. எதிர்க்க டீக்கடையில நிக்கறன். கிருமின்னா சன்னல்லருந்து கைய ஆட்டு."

சாவி என்னிடம்தான் இருக்கும். மற்றவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. விளக்கைப் போட்டு, கண்ணாடியை நுண்ணோக்கி மேடையில் வைத்தேன். சாதா வெளிச்சத்தில் துணுக்கு, ஏற்றியிருந்த சாயத்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. மனிதச் சதையை நான் அந்த நுண்ணோக்கியில் பார்த்ததில்லை. கட்டி தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை, சுற்றிச் சுற்றி வெங்காயம் மாதிரித் தழும்பு. இராத்திரி பகலாக இதைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். உள்ளே போன தூசியை ஒரு செல் விழுங்கும். செரிக்க முடியாமல் செத்துப்போகும். தூசி வெளியே விழும். அடுத்த செல் அதை விழுங்கும், அதுவும் சாகும். அதைச் சுற்றி உடம்பு தழும்பு போடும், தழும்புக்கு மேல் தழும்பு. கடலோரத்தில் செத்த பாக்டீரியாவைச் சிலிக்கா மூடிக் காப்பாற்றியது. இங்கே உயிருள்ள சதை சிலிக்காவை மூடி மூடிச் செத்துக்கொண்டிருந்தது.

ஆனால் டி.பி.யிலும் கட்டி வரும், தழும்பு வரும். அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. கிருமியை அந்தச் சாயத்தில், என் லென்ஸில் பார்க்கவும் முடியாது. எனக்குப் பார்க்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், கல். நுண்ணோக்கியில் வெளிச்சத்தை வடிகட்ட இரண்டாவதாக ஒரு தகடு இருக்கும். அதைத் தள்ளினால் சதை, செல், கண்ணாடி எல்லாம் இருட்டாகிவிடும். படிகம் மட்டும் மினுங்கும். கல்லைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தள்ளினேன். இருட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கண் பழகியதும் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பொடிப் பொடியாக, அந்தத் தழும்பின் நடுவில் ஒரு கூட்டமே மினுங்கியது. கண்ணாடியோடு மேடையைச் சுழற்றினேன். அணைந்தது. மேலும் சுழற்றினேன், எரிந்தது. படிகத்தின் குணம் அது.

இல்லை, இது என் தூசி என்று சொல்லிக்கொண்டேன். இந்த அறையே கல் தூசிதானே. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். மேடையைத் துடைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. தழும்பின் நாரும் இந்த வெளிச்சத்தில் மினுங்கும் என்று ஞாபகம் வந்தது. அது நாராக மினுங்கும். இவை மணிகள். டப்பியில் இருந்த அடுத்த கண்ணாடியை வைத்தேன். அதிலும் இருந்தன.

சார் கேட்ட கேள்விதான் மிச்சம். உள்ளே இருக்கிறதா, மேலே வந்து ஒட்டியதா? தகட்டைப் பாதி திருப்பி இரண்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். போகஸைத் திருப்பினேன். செல்லின் உட்கரு தெளிந்தது. மணியும் தெளிந்தது. மேலே போனேன், இரண்டும் மங்கின. கீழே வந்தேன், இரண்டும் சேர்ந்து தெளிந்தன. வேறு இடம் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். கடப்பாக் கல்லில் இந்த ஒரு ஒற்றுமைக்காக எத்தனை மாதம் கண் வலிக்க உட்கார்ந்திருக்கிறேன், அங்கே தராத பாவி இங்கே என் புருஷன் நெஞ்சில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். வாய்விட்டே திட்டினேன். சாமியையா கம்பெனியையா வெல்லத்தையா, யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை. நாசமாப் போக, நாசமாப் போக என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிகளைத் துடைத்து டப்பியில் அடுக்கினேன்.

சன்னல் பக்கம் வந்தேன். டீக்கடை வாசலில் நின்று இந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கவில்லை நான். பூட்டிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன்.

எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, "சூப்பர்வைசர் போன் பண்ணாரு. மாத்திரை முடியற வரைக்கும் என் எடத்துல யாரையும் போட மாட்டாராம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கிருமி தெரியல" என்றேன். "கல்லு இருக்குதுங்க. நெறைய."

டீயை ஊதினார். குடிக்கவில்லை. "நல்லாப் பாத்தியா?"

"பாத்தன்."

"மேல ஒட்டுனது இல்லியே? உன் நூலு மாதிரி?"

"இல்லங்க. உள்ளதான்."

ஒரு லாரி போய்த் தூசி அடங்குகிற வரைக்கும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, கல்லுன்னா மாத்திரை எத்தன மாசம் போடணும்?" என்று கேட்டார்.

நூறு கோடி வருஷக் கணக்கை வேப்பமரத்தடியில் கூசாமல் சொன்ன எனக்கு வாய் வரவில்லை. டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் இறங்கியது. சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார்.

"அப்ப இத என்னா பண்றது? போடவா, வேணாமா?"

"போடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பெங்களூர்ல டாக்டருங்க வேற மாதிரி சொல்லுவாங்க. எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? நான் கல்லு பாக்கறவ. போடுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் என்னையே பார்த்தார். கடையிலிருந்து தண்ணீர் டம்ளரை எடுத்தார். எல்லா மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டு, எனக்குத் தெரிகிற மாதிரி விழுங்கிவிட்டு, "போட்டுட்டன், அழாத" என்றார்.